சிபி குழந்தையின் அசைவில் வீட்டு நிலவரத்துக்கு எவ்வளவு பங்கு?

"நடப்பானா டாக்டர்?" மூளை முடக்குவாதம் (சுருக்கமாக சிபி) என்று கேள்விப்பட்டதும் பெரும்பாலான பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருக்கும். அதைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. எங்களிடம் இருக்கும் பணம், நாங்கள் குடியிருக்கும் வீடு, நாங்கள் கொடுக்கும் பயிற்சி, இதையெல்லாம் பொறுத்து இது மாறுமா? கேட்காமலேயே பதில் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் உண்டு. "ஒழுங்கா எக்சர்சைஸ் குடுத்திருந்தா இந்நேரம் ஓடியிருப்பான்" என்று அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அது தவறு. அதே சமயம், "எல்லாம் மூளை செய்யும் வேலை, வீட்டில் என்ன செய்தாலும் ஒன்றுதான்" என்பதும் தவறு. குடும்பச் சூழல் சிலவற்றை நிறையவே மாற்றும், சிலவற்றைத் தொடவே முடியாது. எது எதில் சேரும் என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

மூளை முடக்குவாதத்தைப் பெற்றோரும் தெரபிஸ்டுகளும் சிபி என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். கருவிலோ, பிரசவ நேரத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் அசைவும் உடலை நிலைநிறுத்தும் திறனும் குறைவதுதான் சிபி. மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு அதற்குமேல் பெரிதாவதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீள்கிற வேகத்துக்கு விறைப்பான தசை நீள்வதில்லை. மூட்டு இறுகுகிறது, இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது, உடம்பின் எடை கூடுகிறது. மூளையில் ஒன்றும் மாறாவிட்டாலும் உடம்பில் தெரியும் விளைவு வருடத்துக்கு வருடம் மாறும். குடும்பச் சூழல் நுழையும் பெரிய வாசல்களில் இது ஒன்று.

அசைவுத் திறனைப் பேச உலகம் முழுக்க ஒரே அளவுகோல் இருக்கிறது. 1997-இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு வெளியிட்டது. ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று பெயர். ரிப்போர்ட்டில் 'லெவல் 3' என்று எழுதியிருந்தால் அது இதுதான். மொத்தம் ஐந்து நிலைகள். லெவல் 1 குழந்தை பிடிமானம் இல்லாமல் நடக்கும், ஓடும், குதிக்கும். வேகத்திலும் சமநிலையிலும் கொஞ்சம் குறை இருக்கும். லெவல் 2 நடக்கும், ஆனால் மாடிப்படிக்குக் கைப்பிடி வேண்டும், நெடுந்தூரமும் மேடு பள்ளமும் சிரமம். லெவல் 3 என்றால் வாக்கரோ ஊன்றுகோலோ வேண்டும். லெவல் 4 பெரும்பாலும் சக்கர நாற்காலி. யாராவது தாங்கினால் கொஞ்ச தூரம் நடக்கலாம். லெவல் 5 குழந்தைக்குத் தலையை நிமிர்த்தி வைத்திருப்பதே பெரும்பாடு.

இதே குழு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, 2002-இல் ஒரு வரைபடம் வெளியிட்டது. ஒவ்வொரு நிலையில் உள்ள குழந்தையும் எந்த வயதில் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை ஐந்து வளைகோடுகளாகப் போட்டிருந்தார்கள். அதில் கவனிக்க வேண்டியது, கோடுகள் எல்லாமே சீக்கிரம் மட்டமாகிவிடுகின்றன. லெவல் 1 குழந்தை தான் எட்டக்கூடிய அசைவுத் திறனில் 90 சதவீதத்தை ஏறத்தாழ 4.8 வயதிலேயே எட்டிவிடுகிறது. லெவல் 5 குழந்தைக்கு அது சுமார் 2.7 வயது.

பெற்றோருக்கு இது இரண்டு செய்தி சொல்கிறது. லெவல் 4 குழந்தை நல்ல தெரபியால் லெவல் 1 ஆகிவிடுவது நடப்பதில்லை. அப்படி ஆக்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவரிடமிருந்து விலகி இருப்பது நல்லது. இன்னொரு செய்தி, முதல் சில ஆண்டுகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

இந்த வரைபடத்தை நம் ஊர் கிளினிக்குகளிலும் காட்டுகிறார்கள். காட்டும்போது ஒன்றைச் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். அது ஒன்டாரியோவில், அரசே மையம் வைத்து தெரபி கொடுக்கும் இடத்தில் வளர்ந்த குழந்தைகளின் கோடு. நான்கு வயது வரை என்ன பிரச்சினை என்றே தெரியாமல், பாயில் படுக்க வைத்தே வளர்க்கப்பட்ட குழந்தையின் கோடு அப்படியே இதன்மேல் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

செய்ய முடிவது ஒன்று, தினமும் செய்வது வேறு

குடும்பத்தின் பங்கைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு போதும், மீதியெல்லாம் இதிலிருந்தே வரும். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட இயலாமை பற்றிய வகைப்பாடும் இதைத் தனித்தனியாகத்தான் குறிக்கச் சொல்கிறது. தெரபி அறையில், வழவழப்பான தரையில், தெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க ஒரு குழந்தையால் என்ன செய்ய முடிகிறது என்பது அதன் திறன். வீட்டில், பள்ளியில், தெருவில் அது தினமும் உண்மையில் என்ன செய்கிறது என்பது அதன் அன்றாடச் செயல்பாடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் வீடு இருக்கிறது.

ஒரே வயது, ஒரே லெவல் 3, இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் தரைத்தள வீட்டில் இருக்கிறான். முன்னால் கொஞ்சம் சிமெண்ட் முற்றம். வாக்கரைத் தள்ளிக்கொண்டு கேட் வரை போய்வருவான். இன்னொருவன் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வாடகை வீட்டில். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நிலைப்படி. வாக்கரின் முன்சக்கரம் அதில் இடித்து நிற்கும், பையன் முன்பக்கம் சாய்வான், அம்மா அடுப்பை விட்டு ஓடிவருவார். பத்து நாளில் வாக்கர் பரணுக்குப் போய்விடும். பையன் தரையில் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர ஆரம்பிப்பான். வீட்டுக்குள் அது வேகமான வழிதான், தப்பில்லை. ஆனால் பள்ளியில் பெஞ்ச் இருக்கும், அங்கே தேய்க்க முடியாது. தெரபி அறையில் அளந்தால் இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் வரும். ஒருவன் ஒரு நாளில் எடுத்துவைக்கும் அடிகளில் நாலில் ஒரு பங்கைக்கூட இன்னொருவன் எடுக்க மாட்டான்.

சரி, அன்றாடம் செய்யாததால் திறனும் குறையுமா? குறையும். லெவல் 3, 4, 5 குழந்தைகளில் பலருக்கு வளரிளம் பருவத்தை ஒட்டி, முன்பு எட்டியிருந்த திறன் கொஞ்சம் சரிவதை அதே கனடா குழு பின்னாளில் காட்டியது. மூட்டு இறுக்கம், வலி, எடை, நிற்காமல் உட்கார்ந்தே இருப்பது என்று பல காரணங்கள் அதில் கலந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்குமேல் வீட்டையும் வசதியையும் தொட்டுத்தான் போகும்.

பணம் எப்படித் தசைக்குள் போகிறது

ஏழைக் குடும்பத்து சிபி குழந்தைகளின் அசைவுத் திறன் குறைவாக இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னால் உடனே "தெரபிக்குப் பணமில்லை, அதனால்தான்" என்று முடித்துவிடுவோம். நடக்கிற கதை அதைவிட நீளமானது.

பாதிப்பே சில இடங்களில் பணத்தோடு சேர்ந்துதான் வருகிறது. பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை கட்டுமீறிப் போனால், உடம்பு தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும் வகை சிபி வரலாம். நீல விளக்கின் கீழ் படுக்க வைத்து நேரத்தோடு கவனித்தால் பெரும்பாலும் தடுத்துவிடக்கூடியது அது. விளக்கு இருக்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது குடும்பச் சூழல்தானே? வசதியான நாடுகளில் இப்போது 1000 பிறப்புக்குச் சுமார் 1.6 பேருக்கு சிபி. வங்கதேசத்தில் சிராஜ்கஞ்ச் மாவட்டத்தின் ஷாஜாத்பூர் பகுதியில் உள்ளூர் ஆட்களின் உதவியோடு தேடிப் பதிவெடுத்தபோது 1000 குழந்தைகளுக்கு 3.4 பேர் என்று வந்தது.

அடுத்தது கண்டுபிடிக்கும் வயது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், குழந்தையின் இயல்பான அசைவுகளை வீடியோவில் பார்த்து மதிப்பிடும் முறையும் சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே சிபியை ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். ஷாஜாத்பூர் பதிவில் சராசரியாக 5 வயதை ஒட்டித்தான் குழந்தைகளுக்கு சிபி என்று தெரிய வந்திருந்தது. மேலே சொன்ன வளைகோடு மட்டமாகிவிட்ட வயது அது.

அப்புறம் சாப்பாடு. லெவல் 4, 5 குழந்தைகளில் பலருக்கு விழுங்குவதே சிரமம். ஒரு கிண்ணம் குழைந்த சாதம் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். இருமல் வரும், பாதி வெளியே வரும். ஆக்கி ஊட்டக் கையும் நேரமும் உள்ள வீட்டில் எடை ஏறும், மற்ற வீட்டில் ஏறாது. உடம்பில் சத்து இல்லாத குழந்தையிடம் உட்காரப் பயிற்சி செய் என்றால் எதை வைத்துச் செய்யும்? தெரபிக்கு வரும் குழந்தையின் எடையை முதலில் பார்க்கும் தெரபிஸ்டை நான் கூடுதலாக நம்புவேன்.

பணத்தின் வேலை மிகத் தெளிவாகத் தெரிவது இடுப்பு மூட்டில். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, சிபி குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு அதன் குழியிலிருந்து விலகுகிறது. லெவல் 1-இல் யாருக்கும் இல்லை. லெவல் 5-இல் 90 சதவீதம். இது ஆரம்பத்தில் வலிக்காது, வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். முற்றிய பிறகு உட்காரவும் வலி, படுக்கவும் வலி. தென் ஸ்வீடனில் 1994 முதல் எல்லா சிபி குழந்தைகளுக்கும் குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்து, விலக ஆரம்பித்ததுமே சிகிச்சை கொடுத்தார்கள். மூட்டு முழுதாகக் கழன்றுபோவது அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது. தனித்தனிக் குடும்பம் நினைவு வைத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை, அமைப்பே கூப்பிட்டு எடுத்தது. நம் பக்கம் அதே எக்ஸ்ரேக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸில் வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வேண்டும். "வலி ஒண்ணும் இல்லையே, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அம்பு எந்தப் பக்கம் பாய்கிறது?

இதுவரை வீட்டிலிருந்து குழந்தையை நோக்கிப் பார்த்தோம். இப்போது திருப்பிப் பார்க்க வேண்டும். இந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்கும்போது செய்திகளில் அதிகம் விட்டுப்போவது இதுதான்.

"தாயின் மன அழுத்தம் அதிகமுள்ள வீடுகளில் குழந்தையின் அசைவுத் திறன் குறைவு" என்று ஒரு முடிவு வருகிறது என்று வையுங்கள். படிப்பவர் மனதில் உடனே என்ன தோன்றும்? அம்மா சோர்ந்துபோனதால் பிள்ளையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றுதான். ஆனால் லெவல் 5 குழந்தையை ராத்திரி மூன்று நான்கு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கும் அம்மா சோர்ந்துபோகாமல் வேறு என்ன ஆவார்? பாதிப்பு கடுமையாக இருந்ததால் அழுத்தம் வந்ததா, அழுத்தத்தால் பாதிப்பு கூடியதா என்பதை ஒரே ஒரு நாள் எடுத்த கணக்கால் சொல்லவே முடியாது. ஒரே குழந்தைகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தால்தான் ஓரளவு தெரியும்.

வருமானமும் அப்படித்தான். சிபி குழந்தை பிறந்த பிறகு பல வீடுகளில் ஒருவர், பெரும்பாலும் அம்மா, வேலையை விட்டுவிடுகிறார். அப்பா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கிடைக்கும் குறைந்த சம்பள வேலைக்கு மாறுகிறார். நகை அடகுக்குப் போகிறது. ஐந்து வருடம் கழித்து ஆய்வாளர் வந்து படிவத்தில் வருமானம் கேட்கும்போது அது ஏழைக் குடும்பம். குழந்தை பிறந்தபோது அது ஏழைக் குடும்பமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

ஒன்டாரியோவில் 468 குடும்பங்களைப் பார்த்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, பராமரிப்பவரின் உடல்நலமும் மனநலமும் எதைச் சார்ந்திருக்கின்றன என்று அலசியது. குழந்தையின் நடத்தைச் சிக்கல்கள், அன்றாடம் பார்க்க வேண்டிய வேலையின் பளு, குடும்பத்துக்குள் இருக்கும் ஒத்துழைப்பு ஆகியவை முக்கியமானவையாக வந்தன. அதாவது வாக்கர் வாங்கிக் கொடுக்கும் திட்டம் மட்டும் போதாது. குழந்தை இரவில் தூங்காமல் கத்துவதற்கு வைத்தியம் பார்ப்பதும், அம்மாவுக்கு வாரத்தில் அரை நாள் மாற்று ஆள் கிடைப்பதும் சிகிச்சைக் கணக்கில் சேர வேண்டும்.

பாட்டியின் பாசம்

கூட்டுக் குடும்பம் நல்லதா என்று கேட்டால் நல்லதுதான், ஆனால் ஒரு பக்கக் கணக்கு இல்லை அது. கைகள் அதிகம் இருக்கும் வீட்டில் குழந்தையைத் தூக்கவும் ஆள் அதிகம். பொம்மை ஒரு அடி தள்ளிக் கிடந்தால் குழந்தை உருண்டு எடுக்கப் பார்க்கும், முக்கும், ஒரு நிமிடம் போராடும். அந்த ஒரு நிமிடம்தான் உண்மையான பயிற்சி. "பாவம், பிள்ளையை ஏன் இப்படிப் படுத்துற" என்று பாட்டி பொம்மையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். ஒரு நாளில் நாற்பது தடவை இது நடந்தால் குழந்தை நாற்பது முயற்சிகளை இழக்கிறது.

மறுபக்கம், அதே பாட்டி மதியம் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதால்தான் அம்மா கொஞ்சம் கண்ணயர முடிகிறது. அதனால் பாட்டியை எதிரியாக்காமல், அவரையும் ஒரு முறை தெரபிக்குக் கூட்டிப்போவதே நல்ல வழி. தெரபிஸ்ட் வாயிலிருந்து "அம்மா, இருபது எண்ணுங்க, அப்புறம் எடுத்துக் குடுங்க" என்று வந்தால் அதற்கு மரியாதை தனி. மருமகள் அதையே சொன்னால் வீட்டில் வேறு கதை ஆகிவிடும்.

பாட்டிக்குத் தெரிந்த ஒன்றில் தெரபிஸ்டுக்கும் சந்தோஷம்தான்: இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது. குழந்தையின் இரு கால்களும் இடுப்பின் இரு பக்கமும் அகன்று தொங்க, முகம் வெளியே பார்க்க, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நிலை. விறைப்பான சிபி குழந்தைக்குத் தொடைகள் கத்தரி போல ஒன்றின்மேல் ஒன்று இழுத்துக்கொள்ளும். இடுப்பில் வைக்கும்போது அவை விரிந்தே இருக்கின்றன, முதுகும் கழுத்தும் வேலை செய்கின்றன, குழந்தை தெருவையும் பார்க்கிறது. இரு கைகளிலும் படுக்க வைத்து ஏந்திப் போனால் இவை எதுவும் கிடைக்காது. தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், கடைக்குப் போய்வரும் நேரமே போதும். பிள்ளை பெரிதாகிக் கனம் கூடியதும் இதை விட்டுவிட வேண்டியதுதான். அம்மாவின் முதுகும் முக்கியம்.

வீட்டுப் பயிற்சி: எவ்வளவு போதும்?

தினமும் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி கை காலை நீட்டி மடக்கி விடச் சொல்லி அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. செய்ய முடியாத அம்மா குற்ற உணர்ச்சியோடு அடுத்த முறை பொய் சொல்வார், இல்லை வருவதையே நிறுத்திவிடுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், குழந்தை சும்மா கிடக்க வேறொருவர் கையால் நீட்டி விடுவது மட்டும் பெரிய பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. குழந்தை தானே முயன்று, தனக்குத் தேவையான ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. சட்டையில் கை நுழைப்பது, கட்டிலைப் பிடித்து எழுவது, டம்ளரை இரு கையால் தூக்குவது போன்றவை.

ஆஸ்திரேலியாவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் பெற்றோரே இலக்கைத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கேற்ற பயிற்சியை தெரபிஸ்டோடு சேர்ந்து வகுத்தார்கள், வீட்டில் செய்தார்கள். அவர்கள் செய்தது சராசரியாக மாதத்துக்கு 17 தடவைக்குக் கொஞ்சம் மேல், ஒவ்வொரு தடவையும் 16, 17 நிமிடம். எட்டு வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. 36 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. இருந்தாலும் தினமும் இரண்டு மணி நேரம் என்ற கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டாலும் 17 நிமிடம் முடியும். இலக்கைக் குடும்பமே தேர்ந்தெடுத்ததுதான் இதில் பாதி விஷயம் என்பது என் எண்ணம். டாக்டருக்கு அவன் நான்கு அடி நடப்பது முக்கியமாக இருக்கலாம். அம்மாவுக்கு அவன் பாத்ரூமில் அரை நிமிடம் கம்பியைப் பிடித்து நின்றால் போதும், கழுவி விடுவதற்கு இன்னொரு ஆள் தேவைப்படாது.

இதைவிட எனக்குப் பிடித்தது கனடாவில் 128 சிறு குழந்தைகளிடம் செய்து 2011-இல் வெளியான ஆய்வு. ஒரு பிரிவுக்குக் குழந்தையின் உடம்பை மாற்ற முயலும் வழக்கமான தெரபி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் குழந்தையைத் தொடாமல் விட்டு, செய்ய வேண்டிய வேலையையும் சுற்றியுள்ளதையும் மட்டும் மாற்றினார்கள். கரண்டி பிடிக்க வரவில்லை என்றால் விரலுக்குப் பயிற்சி கொடுக்காமல் கரண்டியின் பிடியைத் தடிமனாக்குவது, தட்டு நகராமல் வைப்பது, நாற்காலி உயரத்தை மாற்றுவது போன்ற வழிகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. வீட்டைச் சரிசெய்வதும் தெரபிதான் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அந்த நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் சரிவாகக் கொஞ்சம் சிமெண்ட் பூசக் கொத்தனாருக்கு ஒரு மணி நேர வேலை. வாடகை வீட்டில் அதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும் என்பது தனிப் பஞ்சாயத்து.

விலை உயர்ந்த சாமான் எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. தலை நின்று, முதுகு இன்னும் நிற்காத குழந்தையைச் சுவரும் சுவரும் சேரும் மூலையில் சாய்த்து, முன்னால் ஒரு ஸ்டூலை வைத்தால் இரண்டு பக்கமும் பிடிமானம் கிடைக்கும், இரு கைகளும் விளையாட விடுபடும். கால் மட்டும் கத்தரி போட்டுக்கொள்ளாமல் நடுவில் சுருட்டிய துணி. ஆனால் தலையே நிற்காத குழந்தையை இப்படி வைக்கக் கூடாது. அதற்கு அளவெடுத்துச் செய்த சி.பி. சேர்தான் வேண்டும்.

வீட்டுக்கே வரும் தெரபி

தெரபிக்குக் குடும்பம் வர வேண்டும் என்றால் தூரமும் கூலியும் குறுக்கே நிற்கும். தெரபி வீட்டுக்கு வந்தால்? தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம் பல ஆண்டுகளாக இதைச் செய்கிறது. விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமைப்பு. பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் குழந்தையின் வீட்டுக்கே போய், அந்த வீட்டுத் தரையில், அந்த வீட்டுச் சாமான்களை வைத்துப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். செல்போன் செயலியில் அவர்கள் ஏற்றும் விவரங்களை நிபுணர்கள் பார்த்து வழி சொல்கிறார்கள். குழந்தையின் அசைவை அளப்பதோடு பராமரிப்பவரின் பளுவையும் அவர்கள் அளந்து குறித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் நம் தலைப்புக்குப் பொருத்தமானது. வீட்டுக்குப் போகும் பணியாளர் கண்ணில் நிலைப்படி படும், பரணில் கிடக்கும் வாக்கர் படும், அப்பா இரவு ஷிஃப்டில் தூங்குவது தெரியும். கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் ஒன்றும் தெரிய வாய்ப்பில்லை.

அரசுப் பக்கமும் சில கதவுகள் இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. பரிசோதனையும் தெரபியும் அங்கே இலவசம். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நான்கு குறைபாடுகளில் சிபியும் ஒன்று. அதன் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதில் தெரபிச் செலவும் அடங்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளிலும் சிபி இருக்கிறது. காப்பீட்டுக்கும் சட்டம் தரும் சலுகைகளுக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். பிள்ளை சின்னவன்தானே என்று தள்ளிப்போடாமல் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது ரிப்போர்ட் ஃபைலோடு வீட்டைப் பற்றிய விவரத்தையும் கொண்டுபோங்கள். செல்போனில் ஒரு சின்ன வீடியோ போதும்: குழந்தை எங்கே படுக்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது, வாசலுக்கு எப்படிப் போகிறது, பாத்ரூம் எப்படி இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. இவன் எந்த லெவல்? இடுப்புக்குக் கடைசியாக எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு நாளாயிற்று, அடுத்தது எப்போது? வயதுக்கு எடை போதுமா? இந்த மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு இலக்கு என்றால் எதை எடுக்கலாம்? எங்களால் ஒரு நாளில் இவ்வளவு நேரம்தான் முடியும், அதற்குள் எதைச் செய்வது? கடைசிக் கேள்வியைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். அந்த நேரத்தைத் தெரிந்துகொள்ளாமல் எழுதித் தரும் பயிற்சிச் சீட்டு பெரும்பாலும் ஃபைலுக்குள்ளேயே கிடக்கும்.